அப்பா வாங்கிய பூஜ்யம்

ஜூன் 16, ஞாயிறு

இந்த நோட்டு அப்பாவுடையது. முதல் நான்கு பக்கங்களில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்துவது எப்படி என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அதைப் படித்தும் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நாற்பத்தொன்றுதான் வந்தது. மிச்சப் பக்கங்களை நான் எடுத்துக்கொண்டேன். என் பெயர் காந்திமதி. காந்தி நோட்டில் இருப்பது நாட்டு வழக்கம்.

இன்றைய சாதனை: அப்பா கட்டிலில் குப்புறப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது உச்சந்தலையைப் படம் எடுத்தேன். நடுவில் வெட்டவெளி, இரண்டு பக்கமும் கொஞ்சம் புதர். அதன்மேல் ஒரு விமானம் இறங்குவதுபோல ஒட்டி, ‘வாகைக்குளம் விமான நிலையம், புதிய ஓடுபாதை திறப்பு’ என்று எழுதி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருபத்தாறு பேர். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளாக வந்து குவிந்தன. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா.

“ஏட்டி, ராத்திரி இறங்குற பிளேனுக்கு ரெண்டு பக்கமும் லைட்டு போடணும்லா. அத மறந்துட்டியே” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. “வைத்தியத்துல முடி கொட்டுன மனுசன்கிட்டப் போயி வெளையாடுதா பாரு” என்றாள்.

அந்த வைத்தியம்: ஜனவரியில் அப்பாவின் தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதில் புற்றுநோய் இருந்தது. பக்கத்தில் இரண்டு நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. மார்ச்சில் கதிரியக்க அயோடின் கொடுத்து, நான்கு நாள் தனி அறையில் பூட்டி வைத்தார்கள். தை மாதத்தில் வந்ததால்தான் தைராய்டு என்று நான் வார்டில் சொன்னேன். அப்பா மட்டும் சிரித்தார். தையல் இழுத்து வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முன்பெல்லாம் அவர் எனக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் ‘கழுத்தறுப்பு’ என்பேன். இப்போது அந்த வார்த்தையை டாக்டர் எடுத்துக்கொண்டார். வேறு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேதியியல் ரெக்கார்டு வரவில்லை. நான் எழுதவே இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

பேன்சி ஸ்டோரில் ரப்பர் பல்லி வாங்கினேன். அப்பாவின் ஸ்கூட்டரில் ஸீட்டுக்கு அடியில் வைத்தால், திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் மழைக்கோட்டு எடுக்கும்போது சுகமாக இருக்கும் என்று கணக்கு.

ஸீட்டைத் தூக்கினால், மழைக்கோட்டுக்குள் சுருட்டி ஒரு டப்பா. பளபளவென்று முடி வைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாளின் படம். ‘முடி, நகம், தோல்: பயோட்டின் பத்தாயிரம்’. கேப்ஸ்யூல்கள். கால்வாசி காலி. டப்பாவோடு கடை ரசீது ரப்பர் பேண்டில் கட்டியிருந்தது.

முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன், வயது நாற்பத்தொன்பது, திருட்டுத்தனமாக மண்டையில் பயிர் வைக்கிறார். குழுவில் போட்டால் இருபத்தாறு பேரும் உருளுவார்கள்.

ரசீதில் தேதி ஜூன் 17. நான் படம் போட்டது 16. எனக்குக் கணக்கு வராது என்பது ஊருக்கே தெரியும்.

டப்பாவை இருந்தபடியே சுருட்டி வைத்தேன். பல்லியை அம்மாவின் புளிப் பானையில் வைத்தேன். மாலை கன்னத்தில் ஒன்று விழுந்தது.

ஜூலை 10, புதன்

காலை ஆறரைக்கு ஜெபராணி அக்கா ரத்தம் எடுக்க வந்தாள். லேப்பிலிருந்து வீட்டுக்கே வருபவள் அவள்தான். தோளில் ஐஸ் பெட்டி, தலையில் ஹெல்மெட். பாளையங்கோட்டையில் பாதிப் பேருடைய ரத்தம் அவள் வண்டியில் போயிருக்கும்.

“இது என்ன டெஸ்ட்டுக்கா?”

“தைரோகுளோபுலின்.”

“பாதியில குலோப்ஜாமுன் மாதிரி வருது.”

“சும்மா கெட பிள்ள. தைராய்டு செல்லு மட்டுந்தான் அதச் செய்யும். சாருக்குத் தைராய்டே இல்ல. அப்ப ரத்தத்துல அது இருக்கலாமா?”

“இருக்கக் கூடாது.”

“இருந்தா?”

“எவனோ எங்கனயோ ஒளிஞ்சிருக்கான்.”

“அவ்வளவுதான். கழுத்துல இருக்கானா, நெஞ்சுல இருக்கானான்னு ஸ்கேன்ல தெரியுறதுக்கு முந்தியே இந்த நம்பரு ஏறிக் காட்டிக் குடுத்துரும்.”

ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவின் நம்பர் 6.8. அயோடினுக்குப் பிறகு, ஏப்ரலில் 2.1. எனக்கு மார்க் ஏறினால் வீட்டில் சந்தோஷம், அப்பாவுக்கு இறங்கினால் சந்தோஷம். எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான்.

அப்பா ஊசி ஏறும்போது மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ரிப்போர்ட் என் போனுக்குத்தான் வரும். வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடு வீட்டில் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

“ஆவுடையப்பன், ஆண், நாற்பத்தொன்பது. தைரோகுளோபுலின் பாடத்தில் பெற்ற மதிப்பெண், பூஜ்யம் புள்ளி ஒண்ணுக்கும் கீழே! அதாவது முட்டை! இந்த மாணவர் தேறவே மாட்டார்!”

அம்மா தபால் ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா, “இன்னொரு தடவ வாசி” என்றார். வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

பூஜ்யம் வாங்கியதற்குப் பால் பாயசம். நான் பிளஸ் ஒன் முதல் தேர்வில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தபோது கிடைத்தது வேறு.

ஜூலை 13, சனி

டாக்டர் வசுந்தராவிடம் மூவரும் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

“தைரோகுளோபுலின் அருமையா இருக்கு சார். ஆனா தைராக்ஸின் எக்கச்சக்கமா ஏறிக் காட்டுது. கைய நீட்டுங்க.”

அப்பா நீட்டினார். நடுக்கம் இல்லை. நாடி எழுபத்திரண்டு.

“படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை?”

“நல்லாத் தூங்குதேன் டாக்டர்.”

“குறட்டைக்கு நான் சாட்சி” என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

“நாங்க குடுத்தது போக வேற ஏதாவது மாத்திரை? சத்து மாத்திரை, நாட்டு மருந்து?”

“வேற ஒண்ணும் இல்ல டாக்டர்.”

டாக்டரிடமும் மானத்தைக் காப்பாற்றுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தைராய்டுக்குப் பதிலாக அப்பா தினமும் போடும் தைராக்ஸின் மாத்திரையை டாக்டர் 150லிருந்து 125ஆகக் குறைத்தார். அடுத்த ரத்தப் பரிசோதனை ஜனவரியில். ஆறு மாதம் நிம்மதி என்று அம்மா ஆட்டோவில் சொன்னாள். நிம்மதிக்குக் கூட அம்மா தேதி போட்டு முத்திரை குத்திவிடுவாள்.

ஜூலை 14, ஞாயிறு

அந்த ரிப்போர்ட்டைப் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல்போல மாற்றி அச்சடித்து அப்பாவுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று யோசனை. அதற்காகக் கடைசிப் பக்கம்வரை போனேன். கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எறும்பு சைஸ் ஆங்கிலம்.

அதில் இருப்பது: முடிக்கும் நகத்துக்கும் என்று அதிக அளவு பயோட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை தவறாகக் காட்டலாம். தைரோகுளோபுலின் உள்ளதைவிடக் குறைவாகவும், தைராக்ஸின் உள்ளதைவிட அதிகமாகவும் தெரியலாம். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

பெரிதாக்கிப் படித்தேன். எழுத்து பெரிதானதே தவிர வேறு ஒன்றும் மாறவில்லை.

பால் பாக்கெட் இரண்டு வாங்கச் சொன்னாள் அம்மா. மூன்று வாங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

சட்டம் போடவில்லை.

ஜூலை 17, புதன்

மொஹரம் விடுமுறை. அப்பா டியூஷனுக்கு நடந்தே போனார். வண்டி வீட்டில். அம்மா ரவிக்கைத் துணியோடு தையல்காரரிடம் போயிருந்தாள்.

டப்பாவை எடுத்து வந்து மாடியில் பரப்பினேன். முப்பத்திரண்டு கேப்ஸ்யூல்கள் மிச்சம். ஒவ்வொன்றையும் திருகித் திறந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டு, பொரிகடலையை மிக்ஸியில் அரைத்து, சலித்து, அடைத்து மூடினேன். இரண்டு கேப்ஸ்யூல் உடைந்தது. ஒன்றில் உப்பு கலந்துவிட்டேன், பழக்கதோஷம். பிறகு அதையும் தூரப் போட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம். இதே பொறுமை வேதியியல் ரெக்கார்டுக்கு இருந்தால் நான் மாநிலத்தில் முதலாவது.

திருப்பி வைத்த பிறகுதான் உறைத்தது. இனிமேல் உள்ளே போவதை நிறுத்திவிட்டேன், சரி. ஆனால் ஏற்கெனவே வந்த பூஜ்யம்? அது ஜனவரிவரைக்கும் செல்லுபடியாகும்.

ஜூலை 20, சனி

ஜெபராணி அக்கா எதிர்த் தெருவில் யாருக்கோ ரத்தம் எடுத்துவிட்டு வந்தாள். வண்டியை மறித்தேன்.

“அக்கா, என் ஃப்ரெண்டோட அப்பா ஒருத்தர்...”

“ஃப்ரெண்டோட அப்பாவுக்குக் கழுத்துல தழும்பு இருக்கா?”

அவள் வண்டியை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ரசீதைத் தவிர.

“எத்தன நாளாச் சாப்பிட்டாரு?”

“ரத்தம் எடுத்த அன்னைக்கு வரைக்கும். இருபத்திமூணு நாளு.”

“ஒருவேள நெசமாவே பூஜ்யமா இருக்கலாம் பிள்ள. இல்லாமலும் இருக்கலாம். அதான் சங்கடமே. இப்ப யாருக்கும் தெரியாது.”

“நீங்க இன்னொரு தடவ சும்மா எடுத்துப் பாருங்களேன். மலேரியான்னு சொல்லுவோம்.”

“நீ சொல்லுவ. சீட்டு இல்லாம ஊசி போட்டா எனக்குச் சீட்டைக் கிழிச்சிருவாங்க. டாக்டர்கிட்டச் சொல்லணும். சாருதான் சொல்லணும்.”

போகும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “இன்னைக்கே சொல்லிரு” என்றாள். இன்று ஆடி முதல் சனி, நல்ல நாள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

ஜூலை 21, ஞாயிறு

அப்பா வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தேன்.

“அப்பா, ஸீட்டுக்கு அடியில ஒரு டப்பா இருக்குல்லா.”

துணி நின்றது. “பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்.”

“குரூப்புல மட்டும் போட்டுறாத தாயி. உங்க சித்தப்பன் பொங்கல் வரைக்கும் அதையே பேசுவான்.”

“போடல. அதச் சாப்பிட்டா அந்த ரத்த டெஸ்ட்டு தப்பாக் காட்டுமாம்பா. கொறச்சுக் காட்டுமாம்.”

சிரித்துவிட்டார். “நல்லாருக்கு. மே மாசம் குடிநீர் வாரியத்துலருந்து பேசுதேன்னு சொல்லி அரை மணி நேரம் என்ன மாடியில வாளியோட நிக்க வச்ச. அதுக்கு முந்தி எனக்கு நல்லாசிரியர் விருதுன்னு ஒரு லெட்டர். இப்ப ரத்தத்துக்கு வந்துட்டியா?”

“இது அது இல்லப்பா. சத்தியமா.”

“விருதுக்கும் சத்தியம் பண்ணுனயே!”

விருதுக்கும் சத்தியம் செய்தது உண்மை. அன்று அந்தக் கடிதத்தை நன்றாகவே தயாரித்திருந்தேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், அச்சடித்து வைத்திருந்த கடைசிப் பக்கத்தைக் கொண்டு வந்தேன். இதையும் நானே அடித்திருப்பேன் என்று நினைப்பார் என்பதால் லேப் அனுப்பிய ரிப்போர்ட்டைப் போனிலும் திறந்து கொடுத்தேன்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கண்ணாடி போட்டார். விடைத்தாள் திருத்தும்போது உதடு அசைப்பாரே, அப்படி அசைந்தது. முதலில் காகிதம், பிறகு போன், பிறகு மறுபடியும் காகிதம். ஈர ஸீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இத எப்ப பாத்த?”

“போன ஞாயித்துக்கெழம.”

“ஒரு வாரமாச்சா?”

“ம்.”

“அதான் ஒரு வாரமா ஒரு சேட்டையும் காணோமே. காய்ச்சல் வரப்போகுதுன்னு அம்மா சொல்லிக்கிட்டிருக்கா.”

குழாய்த் தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் மூடவில்லை.

“டப்பாவுல இப்ப இருக்கது பொரிகடலை மாவுப்பா. புதன்கெழமையிலருந்து.”

கண்ணாடியைக் கழற்றினார். “அதான் ஏப்பம் வாசமா வந்துதா?” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அம்மாகிட்ட நான் சொல்லுதேன். நீ சொல்ல வேண்டாம்.”

“எப்ப?”

“சொல்லுதேன்ட்டி.”

இரவுச் சாப்பாட்டில் ரசத்தைப் பற்றிப் பேசினார். நேற்றைய மழையைப் பற்றிப் பேசினார். மழையே பெய்யவில்லை.

ஜூலை 22, திங்கள்

மூவரும் டாக்டரிடம் போனோம். ஏதோ சீட்டில் கையெழுத்து வாங்கணும் என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிவந்திருந்தார் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்ததும் டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளே பொரிகடலை என்பதை மட்டும் நான் விளக்க வேண்டியிருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “இதான் அன்னைக்கு எனக்குக் கணக்கு இடிச்சுது. தைராக்ஸின் அவ்வளவு ஏறியிருந்தா கை சும்மா இருக்காது. நானும் அங்கேயே திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கணும். ஏன் சார் கேட்டப்ப சொல்லல?”

“அத மாத்திரைன்னே நினைக்கல டாக்டர். தலைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரிதானன்னு...”

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எண்ணெயத் தலையிலதான தேய்ப்பாங்க. இத எதுக்கு முழுங்குனிய? உங்களுக்கு இப்ப எதுக்கு முடி?”

“ஸ்கூல்ல குரூப் போட்டோ எடுக்கப் போறாங்கன்னாங்க. அதான்” என்றார் அப்பா.

குரூப் போட்டோ பிப்ரவரியில்தான் எடுப்பார்கள். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் திருத்தவும் இல்லை.

மாத்திரை மறுபடியும் 150. புதன்கிழமை காலை புது ரத்தம். அதற்குள் ஒரு வாரம் ஆகியிருக்கும், போதும் என்றார் டாக்டர்.

“நம்பர் ஏறியிருந்தா?” என்று அம்மா கேட்டாள்.

“எங்க இருக்குன்னு தேடுவோம்.”

“ஜனவரி வரைக்கும் தெரியாமலே இருந்திருந்தா?”

“அத நான் சொல்ல முடியாதும்மா. தெரியாது.”

ஜூலை 23, செவ்வாய்

அம்மா அப்பாவுடன் நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாத் தபாலும் என் வழியாக.

“உங்க அப்பாகிட்டச் சொல்லு, தோசை ஆறுதுன்னு.”

“அப்பா, தோசை ஆறுதாம்.”

“சொல்லு, வாரேன்னு.”

“வாராராம்.”

இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூலை 24, புதன்

ஜெபராணி அக்கா வந்தாள். எடுத்தாள். போனாள். போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்காமல்.

ஜூலை 26, வெள்ளி

ஐந்து பத்துக்கு ரிப்போர்ட் வந்தது. அப்பா கூடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து, சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியில் ஏறவில்லை.

“வந்துட்டா?” என்றார் அப்பா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வந்துட்டு.”

“எவ்வளவு?”

“ஒம்பது புள்ளி மூணு.”

சிவப்புப் பேனா நின்றது. சமையலறையிலும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“ஏப்ரல்ல ரெண்டு புள்ளி ஒண்ணுல்லா?”

“ஆமா.”

“ஏறிருக்கு.”

“ஆமாப்பா.”

திருத்திக்கொண்டிருந்த தாளுக்குக் கூட்டி மதிப்பெண் போட்டு, வட்டம் இட்டு, கட்டின் அடியில் வைத்தார். “சரி. இதான நெச விடை. இனி இதுலருந்துதான் அடுத்த வரி போடணும்” என்றார்.

நான் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பேசினார். செவ்வாய்க்கிழமை ஸ்கேன். கழுத்து, நெஞ்சு இரண்டும். சின்னதாக இருக்கும்போதே தேடப்போகிறோம், அதுவே நல்லதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். அவர் சேர்த்துச் சொன்னாரா, டாக்டர் சொன்னாரா தெரியவில்லை.

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். “வேர்த்து வடியுது. குளிச்சிட்டு வாங்க. சாப்பிடலாம்” என்றாள், என் வழியாக இல்லாமல், அவரிடமே.

துண்டை எடுத்துக்கொண்டு போனார். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது. வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. நிரம்பியது. வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. கப்பின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு அங்கேயே நின்றாள். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. கதவைத் தட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு மூன்று தோன்றவும் செய்தது.

பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டேன். மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிடக் கூடாது.